காற்றுச் சொல்கிறவள்

எங்கள் வானொலி நிலையம் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, இயந்திரம் சொல்கிறது. போன வாரம் வந்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். மாநிலத்தில் உள்ள அத்தனை சமுதாய வானொலிகளிலும் எங்களுடையதற்குத்தான் நாடி நன்றாக அடிக்கிறதாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாதோ என்று பயந்து உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் பெயர் ஜெனோவா. இன்னாசியார்குடிக் கடற்கரையில் ‘கரைமொழி’ வானொலி தொடங்கிய நாள் முதல் நான்தான் அதன் அறிவிப்பாளர், பொறுப்பாளர், சில நாட்களில் பெருக்குகிறவளும். மீன் விலை, ஞானஸ்நானம், காணாமல்போன ஆடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பாட்டு என்று எல்லாம் போடுவோம். ஆனால் ஊர் இந்த நிலையத்தை நடத்தியது இவற்றுக்காக அல்ல, காற்றுச் சேதிக்காக. அரசாங்கத்தின் வானிலை அறிக்கை மாவட்டம் முழுவதற்கும் ஒரே மாதிரி பேசும். எங்கள் கடலில் நாங்களே மிதவைகளைக் கட்டிவிட்டிருந்தோம். எங்கள் கரைக்கு வரப்போகிற காற்றை அவை முன்கூட்டியே சொல்லும். அதை நான் விடியுமுன் படிப்பேன்.

எங்கள் கரையில் காற்றுச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. வானொலி வருவதற்கு முன்பு, மணலில் வீடு வீடாக நடந்துபோய் ஒருவர் காற்றுச் சொல்வார். அவர் குரலை உயர்த்தக் கூடாது, தாழ்த்தவும் கூடாது. குரல் நடுங்கினால் வீட்டில் பெண்கள் அழுவார்கள், மிரட்டினால் ஆண்களுக்கு வீம்பு வரும். ஆள் இல்லாத வீடாக இருந்தாலும் ஒரு வாசலையும் தாண்டிப் போகக் கூடாது. கேட்கிறவர்களுக்கும் முறை உண்டு. காற்றுச் சொன்னவருக்குப் பதில் சொல்லக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, சேதி நல்ல சேதி என்று வாயால் மெச்சவே கூடாது. மெச்சினால் காற்றுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். கேட்பார்கள், படகை மேலே இழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். வானொலியிலும் அதே முறையில்தான் படித்தேன். முன்னால் இசை இல்லை, வணக்கம் இல்லை. நான் படித்துவந்த காலம் முழுக்க எங்கள் ஊரில் கடலில் செத்தவர் ஒருவரும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

சமுதாய வானொலிகளுக்குக் கோபுரமும் மின்சாரமும் அலைவரிசையும் தருகிற ஊடக நல மையம், எந்த நிலையம் உயிரோடு இருக்கிறது, எது பிணம் என்று பார்க்க ஒரு கருவியை இறக்கியது. அதற்குக் காதுப் பொட்டு என்று பெயர். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் கைப்பேசிக்கு இலவச ரீசார்ஜ். கேட்கவா வேண்டும், கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிலிருந்து கைக்குழந்தை வரை ஒட்டிக்கொண்டார்கள். கேட்கிறவரின் நாடியை வைத்து இயந்திரம் எங்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ‘உயிர்ப்பு எண்’ போடும். அந்த எண் எங்கள் ஒலிப்பதிவு அறையின் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். எங்களுக்குப் பதினெட்டு வந்தது. நாற்பதுக்குக் கீழே போனால் அலைவரிசையைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விசாரிக்க மையத்திலிருந்து கௌசிக் என்கிற பையன் வந்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மீன் குழம்பை ரசித்துச் சாப்பிட்டான், தட்டை அவனே கழுவினான். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினான்.

“பாருங்க மேடம். இது பாட்டு, நாடி ஏறுது. இது ஆடு காணாமப் போன செய்தி, இதுக்குக்கூட ஏறுது. இது உங்க காற்றுச் செய்தி. ஒரு அசைவும் இல்ல. தூங்கறவங்க மாதிரி இருக்காங்க.”

“தூங்கல தம்பி. கேட்டுட்டுத்தான் இருக்காவ.”

“கேக்கறாங்க, அது தெரியுது. ரேடியோ ஓடுதான்னு பொட்டு பாக்காது. உங்க குரல் காதுல விழுதான்னுதான் பாக்கும், உங்க குரலை அதுக்கு நல்லாத் தெரியும். விழுது. ஆனா ஒண்ணும் ஆகல.”

ஒன்றும் ஆகாததற்குத்தானே படிக்கிறேன் என்றேன். நம்புகிறவர்களுக்கு எதற்கு நாடி துடிக்க வேண்டும், சேதியைச் சொன்னால் படகு ஏறாது, அதை எண்ணிப் பாருங்களேன் என்றேன். அதையும் அவன் எண்ணியிருந்தான். நான் சொல்லாவிட்டாலும் அந்த நாட்களில் அவர்கள் போகாமல் இருந்திருக்கலாம் அல்லவா, வானொலியால்தான் பிழைத்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு நிலையம் எச்சரித்தும் கேட்காமல் போன படகு கவிழ்ந்திருக்கிறது. அங்கே எண் எழுபதைத் தாண்டியதாம். எங்களிடம் காட்டுவதற்குச் சாவு இல்லை.

ஊர்க்காரர்களின் வாயாலேயே கேட்டுவிடுவோம் என்று கடைசியில் கௌசிக்கே சொன்னான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வீடு வீடாகப் போய், காற்றுச் செய்தி உங்களுக்குப் பயன்படுகிறதா என்று கேட்டான். என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அத்தனை பேரும் முறை தவறாமல் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“அதுல என்ன இருக்கு, ஒண்ணும் இல்ல.”

என் சொந்தத் தம்பி காஸ்பரும் அதையேதான் சொன்னான். சொல்லிவிட்டு, ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்தவன்போல, கௌசிக்கின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இது ஊர் வழக்கம், மெச்சினால் ஆகாது என்று நான் கௌசிக்குக்கு விளக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் அவனுடைய இயந்திரத்தில் வழக்கத்துக்கு ஒரு கட்டம் இல்லை. பொட்டும் பயனில்லை என்கிறது, ஊரும் பயனில்லை என்கிறது. இனி நான் ஒருத்தி என்ன சொல்லி என்ன.

அவன் ஒரு வழியும் சொன்னான். காற்றுச் செய்தியை மட்டும் இயந்திரக் குரலிடம் கொடுத்துவிடுவது. கேட்கிறவர்களின் நாடியைப் பார்த்துப் பார்த்து அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமாம். கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. நான் கூடாது என்றேன். எனக்கு எதிராக முதலில் எழுந்தவன் காஸ்பர்தான்.

“ஏன்க்கா பிடிவாதம் பிடிக்க? ரேடியோவப் பூட்டிட்டாம்னா காத்து யாரு சொல்லுவா? கொஞ்சம் கத்திச் சொன்னா என்ன, காது செவிடா போயிரும்? உன் வேலையும் நிக்கும்லா.”

எல்லாரும் கைதூக்கினார்கள். அவன் எனக்காகத்தான் பேசினான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் விடியுமுன் முரசு அடித்தது, சங்கு ஊதியது. “இன்னாசியார்குடி மக்களே, கடல் கொந்தளிக்கிறது, உங்கள் உயிர் உங்கள் கையில்” என்று ஒரு ஆண் குரல் முழங்கியது. அன்றைக்குக் காற்று துணி காயப்போடுகிற அளவுக்குத்தான் இருந்தது. ஊரே வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தது. எண் ஒரே நாளில் ஐம்பதைத் தொட்டது. கௌசிக் இனிப்பு வாங்கிவரச் சொல்லித் தொலைபேசியில் பேசினான்.

இரண்டு நாளில் ஊருக்கு அது பழகிவிட்டது, நாடி இறங்கியது. உடனே இயந்திரம் இன்னும் கொஞ்சம் கத்தியது. அதுவும் பழகியது. அதற்கப்புறம் குழந்தை அழுகிற சத்தம், மரம் முறிகிற சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் தெருவில் அந்தக் குரலைப் போலப் பேசி விளையாடினார்கள். பெண்டாட்டி கோபமாக இருந்தால் ‘இன்றைக்கு வீட்டில் கடல் கொந்தளிக்கிறது’ என்று ஆண்கள் கேலி பேசினார்கள். எங்களைப் போல் ரசித்து வானொலி கேட்ட ஊர் வேறு இருந்திருக்காது. ஆனால் ஒருத்தரும் படகை மேலே இழுத்துப் போடவில்லை. புலி வருது புலி வருது கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் எல்லாரும். படித்து என்ன செய்ய.

நான் கௌசிக்கிடம் சொன்னேன், மையத்துக்கும் எழுதினேன். எண் எண்பதில் நிற்கும்போது என்ன குறை என்று பதில் வந்தது. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. மற்ற நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் கச்சான் வீசும். மேற்கேயிருந்து வருகிற காற்று, கரையில் இருப்பதைக் கடலுக்குள் தள்ளும், கடலில் இருப்பவனை வீட்டுக்கு வரவிடாது. அன்று சாளை மீன் கூட்டமாக வந்திருக்கிறது என்று எல்லாப் படகும் கிளம்பின. விடியுமுன் இயந்திரக் குரல் வழக்கம்போல உயிர் உங்கள் கையில் என்று முழங்கியது. காஸ்பர் நிலையத்தின் வாசலில் நின்று, அதே குரலில் என்னைக் கூப்பிட்டு, ராத்திரிக்குச் சாளை அவித்து வை என்றான். அவன் மனைவி அமலி படகு வரைக்கும் கூடப் போனாள். அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வெயில் ஏறிய பிறகு மிதவைகளின் திரையைப் பார்த்தேன். கச்சான் எழும்பிக்கொண்டிருந்தது. சும்மா எழும்பவில்லை. நான் பார்த்திராத வேகத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. இயந்திரமும் அதைப் பார்த்துவிட்டு முரசை அடித்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். காலையில் போட்ட அதே கூச்சலைத்தான் அது இப்போதும் போட முடியும். அதற்கு மேல் போக அதற்கு இடமே மிச்சமில்லை.

நான் இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினேன். ஒலிவாங்கியை இழுத்துவைத்துக்கொண்டு, பழைய முறைப்படி, பழைய குரலில் படித்தேன்.

“காத்துச் சேதி. கச்சான் எழும்புது. இன்னும் கூடும். கடல்ல நிக்கிற வள்ளம் எல்லாம் கரைக்குத் திரும்பணும்.”

திரும்பத் திரும்ப அதையே படித்தேன். படகிலிருந்த வானொலிகளில் அதைக் கேட்டுப் படகுகள் திரும்பின. கிட்டே நின்றவை முதலில் வந்தன, பிறகு தூரத்தில் நின்றவை, பாய்மரத்தை முறித்துக்கொண்டு, வலையை அறுத்துவிட்டு. மணலில் நின்ற பெண்கள் ஒவ்வொரு பெயராக உள்ளே வந்து சொல்ல, நான் கரைசேர்ந்த படகுகளின் பெயரைப் படித்தேன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. எனக்கு எதிரே சுவரில் அந்தப் பச்சை எண் ஏறிக்கொண்டே இருந்தது. எண்பத்தைந்து, தொண்ணூறு. கரைசேராத படகு ஒன்றே ஒன்று என்று ஆனபோது தொண்ணூற்றேழில் நின்றது. அந்தப் படகின் பெயரையும் அதில் போனவன் பெயரையும் நான்தான் படித்தேன். குரல் நடுங்கக் கூடாது அல்லவா, நடுங்கவில்லை.

காஸ்பர் மூன்றாம் நாள் தெற்கே ஒதுங்கினான். முகத்தைப் பார்க்கவிடவில்லை. காதுக்குப் பின்னால் பொட்டு மட்டும் பத்திரமாக ஒட்டியிருந்ததாம். அதை மையத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவனுக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு கௌசிக் வந்தான். இந்தத் தடவை சாப்பிடவில்லை. திரையைத் திறக்கவே தயங்கினான். காட்டு தம்பி, அதற்குத்தானே வந்தாய் என்றேன்.

“இது உங்க தம்பியோட பொட்டுல பதிவானது மேடம். காலைல இயந்திரக் குரல் கேக்குது, நாடி சாதாரணமா இருக்கு. பதினோரு மணிக்கு மறுபடி முரசு, அப்பவும் அசைவில்ல. இந்த இடத்துலதான் நீங்க பேச ஆரம்பிச்சீங்க.”

கோடு அந்த இடத்தில் சுவர்போல எழும்பி நின்றது.

“முதல் வார்த்தைலயே நம்பிட்டாரு. உடனே படகைத் திருப்பியிருக்காரு. ஆனா ரொம்ப தூரம் போயிருந்தாரு மேடம். கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுட்டு இருந்திருக்காரு.”

கரைசேர்ந்த படகுகளின் பெயர்களை அவன் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு பெயராக வர வர, தான் ஒருத்தன்தான் பாக்கி என்று தெரிந்திருக்கும். தன் பெயரைக் கேட்டானா என்று நான் கேட்கவில்லை. கௌசிக்கும் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“இப்பவாவது உங்க மையத்துக்குப் புரிஞ்சுதா தம்பி?”

“புரிஞ்சுது மேடம். அறிக்கை கொடுத்திருக்கேன். உங்க சாதாரணக் குரலுக்கு இருக்கற சக்தி எந்த முரசுக்கும் இல்லன்னு எழுதியிருக்கேன். ஏத்துக்கிட்டாங்க. இனிமே அந்தக் குரல்தான்.”

அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பைத்தியக்காரி. அந்தக் குரலில் காற்றை மட்டும் சொல்வார்கள் என்று அவன் எங்கே சொன்னான்?

வேலையில் சேரும்போது என் குரலுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். அடுத்த வாரமே இயந்திரம் என் குரலில் பேசத் தொடங்கிவிட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, முறை பிசகவில்லை. “காத்துச் சேதி. கச்சான் தணிஞ்சிருக்கு. முட்டு வலிக்குத் தைலம் வந்திருக்கு. வாங்காதவங்க வாங்கணும். தவணைக்கு டிவி கிடைக்கும். இன்னைக்கே போகணும்.” எல்லாம் ஒரே மூச்சில் வரும். முதல் வாரம் ஊரில் பாதிப்பேர் தைலம் வாங்கிவிட்டார்கள். என் குரல் சொன்னால் கேட்டுப் பழகியவர்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இரண்டாவது வாரத்தில் ஏமாந்தது புரிந்ததும் வானொலிப் பெட்டிகளை ஒவ்வொருத்தராக மூடினார்கள். என்னை யாரும் திட்டவில்லை. தெருவில் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள், அதற்குத் திட்டியிருக்கலாம். மூடியது நியாயம்தான், ஆனால் காற்று அதற்காக மூடிக்கொண்டு இருக்குமா? புரட்டாசி பிறந்து ஒருநாள் மிதவைகளின் திரை மறுபடி துடித்தது. இயந்திரம் என் குரலில் ஆளில்லாத ஊருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் இறங்கினேன்.

முதல் வீட்டு வாசலில் நின்று, காற்றைச் சொன்னேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அந்த வீட்டுக்காரன் பின்பக்கமாகப் போய்ப் படகின் கயிற்றைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு தினமும் போகிறேன். விடியுமுன் கிளம்பினால் வெளிச்சம் வருவதற்குள் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சொல்லி முடித்துவிடலாம். திரும்பி வந்து ஒன்பது மணிக்கு நிலையத்தில் வருகைப் பதிவு செய்துவிட்டு, என் குரல் தைலம் விற்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காஸ்பரின் வீட்டை முதல் நாள் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தேன். கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டில், கைம்பெண்ணாக நிற்கிறவளிடம் போய்க் காற்றுச் சொல்வதற்கு நெஞ்சு வேண்டாமா? முறையாவது மண்ணாவது என்று கால் நகர்ந்துவிட்டது. அமலி ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“எங்க வீட்ட விட்டுட்டுப் போயிராதீய மதினி” என்றாள்.

அந்த வாசலிலும் நின்று சொன்னேன். தினமும் சொல்கிறேன்.

சுவரில் அந்த எண் இருபதுக்கு இறங்கியிருந்தது. நிலையத்தைப் பூட்டுவார்கள் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆசையோடு காத்திருந்தேன். ஆனால் எண் ஏற ஆரம்பித்தது. ஐம்பது, எழுபது, தொண்ணூறு. ஊரில் ஒரு பெட்டியும் ஓடவில்லை, எண் மட்டும் ஏறுகிறது. எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மணலில் நடுவழியில் நின்றுவிட்டேன். ரீசார்ஜுக்காகப் பொட்டை யாரும் கழற்றவில்லை. பெட்டி ஓடுகிறதா என்று அது பார்க்காது. என் குரல் விழுகிறதா என்றுதான் பார்க்கும், அது வாசலில் நின்று சொன்ன குரலாக இருந்தாலும். இப்போது என் குரல் விழும்போது, ஆடிக்குப் பிறகு, இந்த ஊரில் துடிக்காத நாடி இல்லை.

சான்றிதழ் மாட்டிய அன்று கௌசிக் தொலைபேசியில் பேசினான். பதவி உயர்ந்திருக்கிறது, குரலே நிமிர்ந்திருந்தது.

“முதலிடம் மேடம். நூத்துக்கு நூறு. பழைய எண்ணும் இப்போ உள்ள எண்ணும் பாத்தா நம்பவே முடியல. அதுலயும் உங்க ஊர்ல ஒரு வீடு இருக்கு. தினமும் விடியறதுக்கு முன்னாடி அதே நேரத்துல நாடி உச்சத்துக்குப் போகுது. மாநிலத்துலயே அவ்வளவு தீவிரமா கேக்கற நேயர் வேற யாரும் இல்ல. யாரு மேடம் அது?”

அமலியின் ஜன்னல் என் கண்ணில் வந்து நின்றது.

“சரி விடுங்க. காற்றுச் செய்தி இந்த அளவுக்குப் பயன்படுதுன்னு நாங்க அன்னைக்கே நம்பியிருக்கணும். எப்படி மேடம் இது?”

“அதுல என்ன இருக்கு தம்பி” என்றேன். “ஒண்ணும் இல்ல.”

அவன் சிரித்தான். தன்னடக்கம் என்று நினைத்திருப்பான். பிறகு மையத்தின் சார்பாகவும் தன் சார்பாகவும் எனக்கு நன்றி சொன்னான். எங்கள் கரையில் காற்றுச் சொல்கிறவளுக்கு முதன்முதலாக நன்றி சொன்னவன் அவன்தான்.